ஏழு மணிக்கு நிற்கும் ஜெனரேட்டர்

அரிசோனா பாலைவனத்தில் அந்த முகாமுக்கு ஆல்மாவும் அவள் கணவன் ஓரினும் தங்கள் பழைய கேரவனில் வந்து சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது. வாசல் பலகையில் ஜெனரேட்டர் ஓட்டும் நேரம் எழுதியிருந்தது: காலை எட்டு முதல் பத்து, மாலை நான்கு முதல் ஏழு. ஊர் ஊராக முகாம் போட்டுத் திரிகிறவர்களுக்கு இதுதான் சட்டம். நேரம் தவறி ஓட்டியவர்களின் கதவைத் தட்டி ஆல்மாவே பல ஊர்களில் சண்டை போட்டிருக்கிறாள்.

நோயாளிகளுக்கு மட்டும் விலக்குச் சீட்டு உண்டு. அலுவலகப் பெண் அதை நீட்டியதும் ஓரின் கையை உதறினான்.

"நான் நோயாளின்னு கண்ணாடியில ஒட்டிக்கிட்டுத் திரியணுமா?"

நுரையீரல் பாதி போன மனிதன். பிராணவாயு இயந்திரத்தின் குழாய் எப்போதும் மூக்கில்தான் இருக்கும். ஆனாலும் வீம்புக்குக் குறைச்சல் இல்லை. ராத்திரிக்கு பேட்டரி போதும் என்று ஆல்மாவும் விட்டுவிட்டாள்.

ஆறு மணிக்கு, பேட்டரி மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் புகைந்து செத்தது. இனி உள்ளே மின்சாரம் வேண்டுமென்றால் ஜெனரேட்டர் ஓடியாக வேண்டும். அவசர சிலிண்டரில் ஒரு மணி நேரத்துக்குத்தான் காற்று. மலையில் கொட்டிய மழையால் வறண்ட ஓடை பெருக்கெடுத்துச் சாலையை மூடியிருந்தது. காலையில்தான் வடியுமாம். போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. ஆல்மா ஜெனரேட்டரைப் போட்டாள். நன்றாகத்தான் ஓடியது.

ஏழு அடித்ததும் நின்றது.

இருபத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தவள் ஆல்மா. ஓரினுக்குச் சிலிண்டரை மாட்டிவிட்டு, கேரவனின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். எண்ணெய் சரியாக இருந்தது. வண்டி சாய்ந்திருந்தால் எண்ணெய் குறைவென்று நினைத்து இயந்திரம் தானே அணைந்துவிடும். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து நிமிர்த்தினாள். வண்டி ஊர் திரும்பப் பெட்ரோல் மிஞ்சட்டும் என்று, கால் தொட்டிக்குக் கீழே போனால் ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வராதபடி அமைத்திருப்பார்கள். அதுவும் அரைத் தொட்டி இருந்தது. அப்புறம்தான் பார்த்தாள். ஸ்பார்க் பிளக்கின் வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

மாட்டினாள். ஓடியது. இரண்டு நிமிடத்தில் நின்றது. வயர் மறுபடி தொங்கியது.

இந்த முறை பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிக் கட்டினாள். ஒருமுறை பூட்டினால் வெட்டித்தான் எடுக்க முடியும்.

மறுபடி நின்றது.

பட்டை தரையில் கிடந்தது. வெட்டுப்படவில்லை. பூட்டிய வளையம் பூட்டியபடியே இருந்தது.

சூரியன் இன்னும் மலைக்கு மேலேதான் இருந்தது. எங்கிருந்தோ புதினா கலந்த புகையிலை வாசம் வந்தது.

பக்கத்துக் கூடாரத்து ட்வைட் மடக்கு நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். அவரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"ஹார்லன்," என்றார் மெதுவாக. "இங்க காவலரா இருந்தான். ஏழு ஆச்சுன்னா ரவுண்டு வந்து வயரைப் பிடுங்கிட்டுப் போயிடுவான். செத்து ரெண்டு கோடை ஆச்சு. பேசாம அணைச்சிடுங்கம்மா. சீட்டு வச்சவங்களை மட்டும்தான் விடுவான்."

"ஆபீஸ் பூட்டியாச்சு. சீட்டுக்கு எங்க போக?"

"அப்போ கெஞ்சிப் பாருங்க."

"கெஞ்சறதா? என் புருஷன் மூச்சு விடறதுக்கு ஒரு செத்தவன்கிட்ட அனுமதி கேக்கணுமா?"

பயந்தாள், சந்தேகமில்லை. ஆனால் உள்ளே சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. பயத்துக்கு நேரமில்லை. தடித்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். வயரை பிளக்கில் அழுத்தினாள், கையை எடுக்கவில்லை.

"ஓரின்! ஸ்விட்சைப் போடு!"

இயந்திரம் உறுமியது.

ஒரு நிமிடம். இரண்டு.

அவள் விரல்களின் மேல் வேறு விரல்கள் வந்து உட்கார்ந்தன.

ரப்பரையும் மீறி ஐஸ் போலக் குளிர்ந்தன. அவசரமே இல்லாமல், பழகிய கையாக, அவள் சுண்டுவிரலை முதலில் நிமிர்த்தின.

"எடுடா கையை!" என்று கத்தினாள். ட்வைட் நாற்காலியைத் தட்டிவிட்டு ஓடினார். "ஊரெல்லாம் இந்த விதிக்காகச் சண்டை போட்டவ நான். உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும். ஆனா மூச்சுக்கு டைம் டேபிள் கிடையாது!"

காதருகில் புகையிலை வாசம் சூடாக அடித்தது.

"விடிய விடிய இங்கதான் இருப்பேன். பிடுங்கிப் பாரு."

நிமிர்ந்த சுண்டுவிரலை அவள் மறுபடி மடக்கினாள். அந்தக் கை மறுபடி நிமிர்த்தியது. இவள் மறுபடி மடக்கினாள். இரவு முழுக்க இதேதான். பெட்ரோல் எரியும் சத்தத்துக்கு நடுவே ஓரின் ஜன்னலைத் தட்டித் தட்டி, உயிரோடு இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் பிடி இறுகியது.

காலை எட்டு மணிக்கு அந்தக் கை தானே விலகியது.

ஆல்மா அழுதாள். அப்புறம் கையுறையைக் கழற்றினாள். விரல் நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

ஓடை வடிந்துவிட்டது என்று ட்வைட் தூரத்தில் நின்றபடியே கத்திச் சொன்னார். உள்ளே காபி குடித்துக்கொண்டே ஓரின் வரைபடத்தில் விரல் வைத்தான். "லோன் ஜூனிபர் போலாமா? மலை மேல இருக்கற முகாம், குளுகுளுன்னு இருக்கும்." ஆல்மா தலையாட்டினாள். இருவரைத் தவிர வேறு யார் காதிலும் அது விழவில்லை.

வண்டியை எடுக்க வந்தவள் முன்கண்ணாடியின் வைப்பருக்கு அடியில் ஒரு மஞ்சள் காகிதத்தைப் பார்த்தாள். விதிமீறல் அறிவிப்பு. அவள் பெயரும் வண்டி எண்ணும் சாய்வெழுத்தில் பிழையில்லாமல் இருந்தன. முகாமின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'லோன் ஜூனிபர், இடம் 31' என்று இருந்தது. நேரம், இன்று மாலை ஏழு. இன்னும் காயாத மை கட்டைவிரலில் ஒட்டியது.

"என்ன அது?" என்றான் ஓரின்.

அவள் காகிதத்தை நான்காகக் கிழித்துப் பாக்கெட்டில் திணித்துவிட்டுச் சாவியைத் திருகினாள்.

"ஒண்ணுமில்ல. போற வழியில கடையில நிறுத்தறேன். கையுறை இன்னொரு ஜோடி வாங்கணும்."