தவிட்டுச் சூடு

"உமியா, தவிடா? நல்லா பாத்துச் சொல்லு."

"தவிடுதாங்க்கா. முட்டைக்கு அடியில எதப் போட்டா என்னாவாம்?"

"அடி போடீ. உமிதான் போடுவாங்க. தவிடு ஈரத்த இழுக்கும், புழு வச்சிடும். காடை வளக்கறவன்னு சொல்லிட்டு முட்டை குடுத்துட்டுப் போனவளுக்கு இதுகூடவா தெரியாது?"

இரண்டு வீட்டுக்கும் பொதுவான துவைகல்லில் குனிந்திருந்த ஹசீனா, நுரை வழியும் கையோடு நிமிர்ந்து பார்த்தாள். கண்ணம்மாள் சிரித்தாள். சிரிக்கும்போதே அந்த வாசனை மீண்டும் அவள் மூக்கில் ஏறியது. கொஞ்ச நாளாக அவளுடைய ஓட்டு வீட்டுக்குள் எங்கே நின்றாலும் அதே வாசனைதான்: மாட்டுத் தொட்டியில் ஊறிய தவிட்டின் இனிப்பும் புளிப்பும், அதற்கும் அடியில், பால் குடித்து உறங்கும் குழந்தையின் கழுத்து மடிப்பில் வருகிற வெதுவெதுப்பான ஒரு மணம். அந்த வீட்டில் பால் குடிக்கும் குழந்தை இல்லை. முதலில் பிறந்த இரண்டும் பால் மறக்கும் முன்பே போய்விட்டன. தங்கியவள் சாலா ஒருத்திதான். அவளுக்கு நாலு வயது.

"பொரிச்சு வளந்ததும் வறுத்தீங்கன்னா எனக்கு ஒரு காலு," என்றாள் ஹசீனா.

"காடைக் காலுல என்னா இருக்குது, பல்லு சந்துல மாட்டிக்கும். சாலா காதுல விழுந்தா உங்கள வூட்டுக்குள்ளயே விடமாட்டா. முட்டையா இருக்கறப்பவே ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சிட்டா."

"சரி, எவ்வளவுக்குக் குடுத்தா?"

"காசே வாங்கலைங்க்கா. வாரத்துக்கு விட்டுட்டுப் போயிருக்குது."

ஆடு வைத்துக்கொள்ள முடியாதவர்கள் முடிந்தவர்களிடம் விட்டுவைப்பதும், பின்னால் வந்து குட்டியில் பாதியைப் பிரித்துக்கொண்டு போவதும் அரூர்ப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். முட்டையை யாரும் வாரத்துக்கு விட்டு ஹசீனா கேள்விப்பட்டதில்லை. அவள் துணியைக் கல்லிலேயே விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

கண்ணம்மாள் சொன்னாள். நல்ல வெயிலில் கூடையோடு ஒரு பொம்பளை வாசலில் வந்து நின்றது. தீர்த்தமலைப் பக்கமாம். பழுப்பும் கறுப்புமாகப் புள்ளி தெறித்த முட்டைகளைப் பார்த்ததும் சாலா வேண்டுமென்று காலை உதைத்துக்கொண்டு அழுதது. இந்தக் காடைகள் அடையில் உட்காராது, முட்டையைப் போட்டுவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும் என்றாள் அந்தப் பொம்பளை. யாருடைய சூடாக இருந்தாலும் பொரித்துவிடுமாம். பெட்டிக்குள் பல்பைத் தொங்கவிட்டு, முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருந்தால் போதுமாம். பொரித்ததும் வந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வாளாம். ஆடாக இருந்தால் பாதி கொடுக்க வேண்டியிருக்கும். இவள் ஒன்று போதும் என்கிறாளே என்று கண்ணம்மாளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"தவிடு?"

"அதுவும் அதுதான் குடுத்துச்சு. முட்டைக்கு மெத்தையாப் போட்டுக்கங்க, முந்தானைய ஏந்துங்கன்னுச்சு. படியில அளந்து கொட்டுச்சு."

ஹசீனாவின் கையிலிருந்த நுரை சொட்டு சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"முந்தானையிலயா வாங்குன?"

"ஆமாங்க்கா."

"சாலா எங்க நின்னுச்சு?"

கண்ணம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். சாலா நடுவில் நின்றிருந்தாள். தவிடு விழுந்தது அவள் தலைக்கு மேலே. அந்தப் பொம்பளை ஒரு கையால் படியைச் சரித்துக்கொண்டே மற்றக் கையை சாலாவின் உச்சியில் வைத்திருந்தாள். அப்போது அது கொஞ்சுவதுபோலத்தான் இருந்தது.

"இவ பொறந்தப்ப உங்க மாமியா எங்கிட்ட வந்து என்னா கேட்டாங்க, நெனப்பிருக்குதா?" ஹசீனாவின் குரல் தாழ்ந்துவிட்டது. "ரெண்டு போயிடுச்சு, இதையாவது தவிட்டுக்கு வாங்கிக்கம்மான்னாங்க. புள்ள வேற வூட்டுதுன்னு ஆயிட்டா சாவு தேடி வராதுன்னு. நான் படி நெறையத் தவிடு அளந்து வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். உன் வூட்டுக்காரருதான் சிரிச்சாரு, பஸ்ஸுல சீட்டுக் கிழிக்கற மாதிரி புள்ளைய விக்கறீங்களான்னு. அன்னிக்கு நான் உன் முந்தானையிலதான் கொட்டறதா இருந்துச்சு. உனக்கும் எனக்கும் நடுவுல புள்ள இருக்கணும். அப்படித்தான் வாங்கறது."

கண்ணம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அது... முட்டைக்குன்னுதாங்க்கா சொல்லுச்சு."

"முட்டைக்கு உமிதான் போடுவாங்க." ஹசீனா கையைத் துடைத்தாள். "கீழ கொட்டிடாத. வாங்குன அளவு கொறையாம அவ கையிலயே திருப்பிக் குடு. பொழுது சாஞ்சதும் நான் மஃரிப் தொழுதுட்டு வரேன். அதுவரைக்கும் வாசக் கதவத் தொறக்காத."

வீட்டுக்குள் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கரண்ட் இல்லை. மத்தியானமே போனது இன்னும் வரவில்லை. கண்டக்டராக இருக்கும் அவள் புருஷன் மாரியப்பனுக்குத் திருவண்ணாமலை டிரிப், அங்கேயே தங்கிவிட்டுக் காலை வண்டியில்தான் வருவான். ஓட்டுக்கு நடுவே பதித்திருந்த கண்ணாடி வழியாக இறங்கிய வெளிச்சம் மஞ்சளிலிருந்து சாம்பலாக மாறிக்கொண்டிருக்க, அதன் விளிம்பில், அணைந்த பல்பு தொங்கும் பழப்பெட்டிக்குப் பக்கத்தில், சாலா பலகையில் காதை வைத்துப் படுத்திருந்தாள்.

டிக்.

கண்ணம்மாள் பல்லி என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு மறுபடியும் வந்தது, பெட்டிக்குள்ளிருந்து, நகத்தால் நகத்தைச் சுண்டுவதுபோல. ஒரு முட்டை தட்ட, இன்னொன்று பதில் தட்ட, எல்லாம் சேர்ந்துகொண்டு, கூரையில் முதல் மழை விழுகிற மாதிரி ஒரு சத்தம். பொரிக்கும் முன்னால் ஓட்டுக்குள்ளிருந்தே ஒன்றையொன்று கூப்பிட்டுப் பேசிக்கொள்ளும், அப்போதுதான் எல்லாம் ஒன்றாக வெளியே வரும் என்று அந்தப் பொம்பளை சொல்லியிருந்தாள். அதனால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. கண்ணம்மாள் அப்படித்தான் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

சாலா நாக்கை அண்ணத்தில் வைத்துச் சொடுக்கினாள். டிக்.

முட்டைகள் சத்தத்தை நிறுத்தின. அவள் சொடுக்குவதற்காகக் காத்திருந்தன. அவள் மறுபடி சொடுக்கியதும் எல்லாம் ஒரே சமயத்தில் பதில் சொல்லின.

"சாலா, எந்திரி. அந்தப் பக்கம் போயி உக்காரு."

சாலா எழவில்லை. கண்ணம்மாள் குனிந்து அவள் காலைப் பிடித்தாள். பிடித்த கையை உடனே எடுத்துவிட்டாள். குழந்தையின் பாதம் சிமெண்டுத் தரையைப்போலச் சில்லென்று இருந்தது. முழங்கால், வயிறு, கழுத்து, எல்லாம் அப்படியே. ஆனால் முகத்தில் வலியில்லை, நடுக்கமில்லை. இந்தச் சில நாட்களாக இரவில் தன்னோடு ஒட்டிப் படுக்க வராமல் பெட்டியோரமே உருண்டுபோய்க் கிடந்தாளே, அது கண்ணம்மாளுக்கு இப்போதுதான் உறைத்தது.

பெட்டிக்குள் கையை விட்டாள். பல்பு அணைந்து எத்தனையோ நேரம் ஆகியிருந்தும் முட்டைகள் சூடாக இருந்தன. காய்ச்சல் கண்ட நெற்றியின் சூடு.

யாருடைய சூடாக இருந்தாலும் பொரித்துவிடும்.

முறத்தை எடுத்து வந்தாள். தவிட்டை ஒரு பிடி குறையாமல் அள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான். அள்ளி வைத்துவிட்டால் ஹசீனாக்கா வந்துவிடுவாள். இரண்டு பேருமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்தார்கள். கடைசி வார்த்தை தெருவில் கொஞ்சம் தங்கி அடங்கியது. கண்ணம்மாள் முட்டைகளை ஒதுக்கிவிட்டு அடியில் துழாவினாள். விரல் நேராகப் பலகையில் இடித்தது.

இந்தப் பக்கம் துழாவினாள். அந்தப் பக்கம். மூலை. நகக்கண்ணில் தூசியாகக் கொஞ்சம் ஒட்டியது. அதற்கு மேல் இல்லை.

"தவிடு எங்கடீ?"

சாலா திரும்பினாள். கடைவாயில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. உதட்டில். முன்பற்களின் இடுக்கில்.

"எனக்குக் குடுத்ததுதான?" என்றாள். "பசிச்சுது."

கண்ணம்மாளின் கையிலிருந்து முறம் நழுவியது. வாங்கின அளவு. குறையாமல். அவள் குழந்தையின் தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டாள். உள்ளேயும் சில்லென்று இருந்தது. அந்தத் தவிட்டு வாசனை. அந்தப் பால் வாசனை.

முதல் முட்டையின் ஓடு பிளந்தது.

ஈரமான, விரற்கடை அளவுள்ள ஒன்று வெளியே விழுந்து, உடனே எழுந்து நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம். பெட்டியின் விளிம்பைத் தாண்டி, தடுமாறாமல், கத்தாமல், வரிசையாக வந்தன. கண்ணம்மாளின் காலைச் சுற்றிக்கொண்டு போயின. சாலா குந்தி உட்கார்ந்து பாவாடையை அகல விரித்தாள். அவை ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன. கடைசிக் குஞ்சும் போனதும் அவள் துணியைத் தாழ்த்தி மூடிக்கொண்டாள். பெட்டியில் வெறும் ஓடுகள்.

"ஹசீனாக்கா!"

கத்தியதாகத்தான் நினைத்தாள். தொண்டையில் காற்றுதான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. மிகவும் தூரத்தில்.

வாசலில் யாரோ நின்றார்கள்.

தட்டவில்லை. ஹசீனா என்றால் வளையல் குலுங்கும். கூப்பிட்டுக்கொண்டேதான் வருவாள். இது சும்மா நின்றது. கதவுக்கு அடியில் சாம்பல் வெளிச்சம் ஓரிடத்தில் மட்டும் அடைபட்டிருந்தது. கண்ணம்மாள் தாழ்ப்பாளைப் பார்த்தாள். போட்டிருந்தது. சாலாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓட வேண்டும். அவளை நோக்கிக் கையை நீட்டினாள்.

டிக்.

கதவுக்கு வெளியே. நாக்கு அண்ணத்தில் படும் சத்தம்.

டிக், என்றாள் சாலா.

பாவாடைக்குள் எல்லாம் அடங்கிவிட்டன. சாலா மெல்ல எழுந்து நின்றாள். துணிக்கு அடியிலிருந்து ஒரு குஞ்சுகூட வெளியே விழவில்லை. தரையில் அவற்றின் நிழல்கூட இல்லை. தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, அடுத்த வீட்டுக்கு விளையாட வந்த பிள்ளை வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல, கொஞ்சம் கூச்சமாக, கண்ணம்மாளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் கதவத் தொறந்து வுடுங்க. எங்கம்மா வந்திருக்காங்க."