மயில்துத்தம் போட்ட கிணறு

மத்தியான வெயிலில் அந்த மயிலாப்பூர் வீட்டுக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். வீடு வாங்கப் போகிறவன் ராயப்பேட்டை ஹஸன். பேரத்துக்குத் துணை நான்; கடைவீதியில் வளர்ந்த வாய். ஆனாலும் முதல் பேச்சு எப்போதும் ஹஸனுடையதுதான். கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்ப்பான். ருசி பிடித்தால், "கடைசி வெல சொல்லு, நைனா" என்பான். குடித்துப் பார்க்காமல் எந்த வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்ததில்லை.

தரகர் வெள்ளைத்துரைக்கும் அது தெரியும்.

"போன வாரம் பச்சப்பசேல்னு பாசி கட்டிக்கினு இருந்திச்சு பாய். மயில்துத்தம் போட்டேன். இப்ப பாரு, கண்ணாடியாட்டம் கீது."

விற்கிற பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பதில்லையா, அது மாதிரிதான் என்று நான் சிரித்தேன்.

வீட்டுக்காரம்மாள் ஜானு வந்தாள். கிணற்றைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"பச்சையத் தொடாதேள்னு சொன்னேனே. அவர் அதுக்குள்ளதானே அடங்கிக் கெடந்தார்."

அவர் என்றால் கணவர் சுப்பராமன். இதே கிணற்றில் விழுந்து செத்தவர் என்று தரகர் காதோடு சொன்னார். விலையைக் குறைக்க நல்ல காரணம் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

அதற்குள் ஹஸன் குடித்துவிட்டான்.

தண்ணீரில் வாசனை இல்லை. கிணற்றில் ஒரு தவளைகூட இல்லை.

"உதடு மரத்துக்கினு வருதுடா," என்றான். விலை கேட்க வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்நேஹா விளக்கினார். அது பாசியே இல்லையாம், பச்சை நிற பாக்டீரியாவாக இருக்கும். உயிரோடு இருந்தவரை விஷம் பெரும்பாலும் அதன் உடம்புக்குள்ளேயே இருந்திருக்கும். மயில்துத்தம் பட்டதும் உடைந்து, உள்ளே இருந்ததையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டது. ஹஸனுக்குத் தொண்டையில் மூச்சுவிடக் குழாய் வைத்திருக்கிறார்கள். பேச்சு வருமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

ஜானு சொன்னதைத்தான் இவரும் சொல்கிறார் என்று பட்டது. எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

சோதனைக்குத் தண்ணீர் வேண்டும் என்றார்கள். மறுநாள் பகலில் அந்த வீட்டுக்குப் போய், பாட்டிலைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினேன்.

கயிறு கனத்தது.

"எட்டிப் பாக்காதேள்," ஜானு பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். "அவருக்குக் குரல் கெடைச்சுடுத்து."

எட்டிப் பார்த்தேன்.

தெளிந்த தண்ணீரில் என் முகம். என் வாய் மூடியிருந்தது.

தண்ணீரில் இருந்த வாய் திறந்தது.

"கடைசி வெல சொல்லு, நைனா."

ஹஸனின் குரல்.

எந்தப் பேரத்திலும் நான் வாயடைத்து நின்றதில்லை. பதில் சொல்ல உதட்டைப் பிரிக்கப் பார்த்தேன்.

உதடு இருப்பதாகவே தெரியவில்லை.