பதில் தட்டு

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மதியம்கூட ஆலையைச் சுற்றிப் பனிமூட்டம் விலகவில்லை. புகை கழுவும் கோபுரத்தடியில் ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. கோபுரத்துக்குள் சுண்ணாம்புத் தண்ணீர் ஓயாமல் மழையாகக் கொட்டும். உலைப்புகையிலுள்ள கந்தகம் அதிலேயே தங்கிவிடும். பக்கத்திலிருந்த சக்கரத்தைத் திருப்பினால் போதும், மாற்றுக் குழாய் திறந்து, புகை கழுவப்படாமலே வெளியே போய்விடும்.

இந்தக் கோபுரத்துக்குள்தான் அவள் அண்ணன் செத்தான். அடைப்பெடுக்க உள்ளே இறங்கியவனை மறந்து மேலாளர் புகையைத் திறந்துவிட்டார். உள்ளே இருப்பவர் ஸ்பேனரால் சுவரில் தட்டினால், வெளியே இருப்பவர் பதிலுக்குத் தட்ட வேண்டும். அதுதான் இங்கே வழக்கம். அண்ணன் தட்டினான். யாரும் பதில் தட்டவில்லை.

அதே மேலாளர் இப்போது அவளருகே வந்து நின்றார்.

"சுண்ணாம்புத் தண்ணி பம்ப் கரண்டை முழுங்குது. சக்கரத்தைத் திருப்பும்மா. இந்தப் பனியில எவன் பாக்கப்போறான்?"

"கீழ குடியிருப்புல என் பொண்ணு இருக்கா சார். ஏற்கெனவே அவளுக்கு மூச்சிழுப்பு. திருப்பமாட்டேன்."

"அண்ணன் மாதிரியே பிடிவாதம்."

டக்.

கோபுரத்துக்குள்ளிருந்து.

டக். டக்.

அந்தப் புகைக்குள் உயிருள்ள யாரும் நிற்க முடியாது.

"குழாய் சூடாகுது, அந்தச் சத்தம்தான்," என்றார் மேலாளர். கோபுரத்தைப் பார்க்கவேயில்லை.

"அன்னிக்கும் இதைத்தானே சொன்னீங்க?"

அவர் அவளைத் தள்ளிவிட்டுச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். தீக்குச்சி கொளுத்திய நெடி தொண்டையை அறுத்தது. சக்கரம் பாதியில் நின்றது. பிறகு மெதுவாக, அவர் கைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கமாகச் சுழன்று இறுக மூடிக்கொண்டது.

கையை உதறி விலகினார். இரண்டு புறங்கைகளிலும் சுண்ணாம்பு வெள்ளையில் விரல் தடங்கள்.

ஈரம் காயாமல்.

துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினார்.

அவளுக்கும் பயம்தான், பொய் சொல்வானேன்? ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. சக்கரத்தில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினாள். ஸ்பேனரை எடுத்துக் கோபுரச் சுவரில் ஓங்கித் தட்டினாள். அண்ணனுக்கு அன்றே கிடைத்திருக்க வேண்டிய பதில் அது.

"உள்ள நீ பாத்துக்கண்ணா. வெளிய நான் இருக்கேன். எவன் வந்து திருப்பறான்னு பாத்துடலாம்."

உள்ளே சத்தம் அடங்கியது. சற்றுப் பொறுத்து அவள் முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் கேட்டது.

டக்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "சரிண்ணா," என்று சொல்லிவிட்டுப் பம்பைப் பார்க்க நடந்தாள்.

கூடவே இன்னொரு ஜோடி ஈரக் காலடியும் நடந்தது.