இரட்டைத் தலை விடைக் காசு

வெள்ளாற்று நீரில் குருதி கரைந்தாற்போல் செந்நிறம் பரவ, மாலைக் கதிரவன் மேற்கே சரிந்துகொண்டிருந்தான். நாணற்காடு மறைத்த தென்கரையில், தாயாதியிடம் கோட்டையைப் பறிகொடுத்த விடையரையர் ஈராயிரம் வீரருடன் பாசறை இறங்கியிருந்தார். எதிர்க்கரையில் கருவெயிற் கோட்டையின் மதில்கள் அந்தி வானத்தை முட்டிக்கொண்டு நின்றன.

அன்பு கொண்ட வாசகர்களே, அரசரின் கூடாரத்தில் அப்போது இரண்டு மனிதர்கள் கைகள் பிணைக்கப்பட்டு மண்டியிட்டிருந்தார்கள். இருவரில் ஒருவனுடைய தலை இருட்டுவதற்குள் உருளப்போவது உறுதி. அது யாருடையது என்று சொல்லும் பொறுப்பு, அரசரின் காசு அச்சிடும் அக்கசாலையில் காசுகளின் தரத்தை நோட்டம் பார்த்துவந்த பூதிநங்கையின் மேல் விழுந்தது. முந்தைய நாள் போரில் அதே கோட்டையின் மதிலடியில் தமையனை இழந்தவள் அவள்.

கோட்டையின் நீர்வாயிற் காவலன், முகம் காட்டாமல் ஓலை வழியாகவே அரசருக்கு விசுவாசம் தெரிவித்திருந்தான். அவனுக்கு அடையாளமாக அரசர் ஒரு பொற்காசை அனுப்பியிருந்தார். அச்சடிக்கும்போது பொன் தகடு நழுவி, சம்மட்டி மறுபடியும் விழுந்ததால், அரசரின் சின்னமான விடைக் காளையின் தலை இரண்டாகப் பதிந்துவிட்ட காசு அது. அதைக் கொண்டுவருபவன் சொல்லே காவலன் சொல். இன்றோ ஆற்றைக் கடந்து வந்த இருவரிடமும் அத்தகைய காசு இருந்தது. முதலாமவன், நீர்வாயில் திறந்திருக்கும், உடனே படை நடத்துங்கள் என்றான். முகம் வீங்கி உதடு கிழிந்திருந்த இரண்டாமவன், அங்கே கொதிக்கும் எண்ணெயும் வில்லாளிகளும் காத்திருப்பதாகக் குழறினான். சவுக்கு முதுகுத் தோலை உரித்தும் இருவரும் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

பூதிநங்கை காசுகளைச் சாய்ந்த வெயிலில் பிடித்தாள். முதலாமவனின் காசில் இரண்டாவது தலையும் முதலாவதைப் போலவே புடைத்து நின்றது. சுற்றெழுத்துகளும், பின்புறத்துச் சக்கரமும்கூட நிழல்போல் இரட்டித்திருந்தன. இரண்டாவதில் தலை மட்டுமே இரண்டு. இரண்டாம் தலையை வரைந்த கோட்டின் இருபுறமும் உழுசாலின் கரைபோலப் பொன் ஒதுங்கியிருந்தது. கல்லின்மேல் வைத்துக் கீறியதால் பின்புறம் நசுங்கியிருந்தது.

"முதற் காசின் பிழை அச்சிலேயே பிறந்தது. மற்றது பின்னால் ஆணியால் கீறியது" என்றாள்.

தளபதி வாளை உருவி, இரண்டாமவனின் தலைமயிரைப் பற்றினார். முதலாமவன் இதழோரம் புன்னகைத்தான். அந்தப் புன்னகை அவளை உறுத்தியது. அவன் காசை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். விளிம்பில் இரண்டு சிறு குழிகள். ஒன்று நேராக, மற்றொன்று சாய்வாக. இரட்டித்த எழுத்துகளை அமுக்கிக்கொண்டு, புதுப்பொன்னின் பளபளப்போடு இருந்தன. அவை அச்சில் பிறந்தவை அல்ல.

"பொறுங்கள், தளபதியாரே. காசு உண்மையானது, ஆனால் அண்மையில் யாரோ அதைக் கடித்திருக்கிறார்கள். இருவரும் வாய் திறக்கட்டும்."

முதலாமவனின் பல்வரிசை முத்துக் கோத்ததுபோல் நேராக இருந்தது. இரண்டாமவனின் மேல்வரிசையில் ஒரு பல் கோணல். பக்கத்துப் பல் பாதியாக முறிந்திருந்தது. காசை அவள் அங்கே வைத்தபோது கோணற்பல் சாய்ந்த குழியில் கச்சிதமாக அமர்ந்தது.

அதே கணத்தில், கைக்கட்டை நெகிழ்த்தி வைத்திருந்த முதலாமவன் துள்ளியெழுந்தான். கூடாரக் காவலன் ஒருவனின் குறுவாளைப் பறித்து அவன் கழுத்தையே அறுத்தான். கூடாரத் துணியில் இரத்தம் பீறிட்டது. அடுத்த பாய்ச்சல் அரசரை நோக்கியது. குறுக்கே விழுந்த பூதிநங்கை, கையிலிருந்த உரைகல்லால் அவன் நெற்றிப்பொட்டில் ஓங்கி அடித்தாள். எலும்பு நொறுங்கும் ஓசை கேட்டது. தள்ளாடியவனின் மார்பைத் தளபதியின் வாள் ஊடுருவி முதுகில் வெளிப்பட்டது.

இரண்டாமவனின் கைக்கட்டை அவளே அறுத்தாள். அவன் தலை வாளுக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதை நினைத்தபடியே அவன் மணிக்கட்டுகளைத் தேய்த்துவிட்டாள்.

"பகைவரிடம் பிடிபட்டபோது காசை வாயிலிட்டுக் கடித்துக்கொண்டேன். பல்லை உடைத்துப் பிடுங்கினார்கள்" என்றான் அவன். "தப்பி வரும்போது, மடியிலிருந்த வேறொரு காசில் நினைவிலிருந்தபடி கீறினேன். வெறுங்கையோடு வந்தால் நம்பமாட்டீர்கள் என்று."

"அப்படியானால் நீர்வாயிற் காவலன் என்ன ஆனான்?" என்று கேட்டார் அரசர்.

"அங்கே இப்போது நிற்பவன் பகைவன், அரசே. காவலன் நான்தான். கொற்றன் எயினன் என்பது என் பெயர்."

விடையரையர் தம் முடியைக் கழற்றி அவன் முன்னே மண்ணில் வைத்தார்.

"அந்த வாயில் இனி உம் கையால்தான் திறக்கும், எயினரே. அதுவரை இது என் தலையேறாது. இது ஆணை."

எயினன் எழ முயன்றான், முடியவில்லை. பூதிநங்கை அவனைத் தோளோடு தாங்கிக்கொண்டாள்.