வாய் திறந்த மீன்கள்

மும்பை என்றாலே எல்லோருக்கும் கடல்தான் ஞாபகம் வரும். தூண்டில்காரர்களைக் கேட்டால் ஏரி, குளம் என்று அடுக்குவார்கள். "பவாய் ஏரியில முதல கெடக்கு. அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது" என்று ஜெபாவின் அம்மா சொல்லிவிட்டாள். அதனால் ஜெபாவும் அப்பா முத்துசெல்வமும் செம்பூர்ப் பக்கம் இருந்த ஒரு சின்னத் தலாவுக்குத்தான் போவார்கள். குளத்துக்கு அங்கே தலாவ் என்று பெயர்.

குர்லாவில் பை தைக்கும் பட்டறையில் அப்பாவின் வலது கை மிஷினில் மாட்டிக்கொண்டது. அன்றோடு வேலை போயிற்று. பேச்சும் போயிற்று. வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடப்பார்.

தலாவுக்குப் போனால் மட்டும் பழைய அப்பா கொஞ்சம் திரும்பி வருவார். இடது கையால் தூண்டில் போடுவார். "வடக்கு மூலையில ஜிலேபிக் கெண்ட, படிக்கட்டுப் பக்கம் ரோகு" என்று சொல்லிக்கொடுப்பார். சில நாள் சிரிப்பார்கூட. அந்தச் சிரிப்புக்காக ஜெபா எவ்வளவு கொசுக்கடியும் தாங்குவாள்.

புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் காலை இருவரும் தலாவுக்கு வந்தார்கள். தண்ணீரே தெரியவில்லை. இறந்துபோன பெரியவர்களுக்காக முந்தின நாள் பலரும் கரைத்துவிட்டுப் போன சோறும் எள்ளும் மாலைகளும் அழுகி மிதந்தன. அதற்கு நடுவே நூற்றுக்கணக்கான மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில மீன்கள் ஏற்கெனவே வெள்ளை வயிற்றைக் காட்டிக் கிடந்தன.

அப்பா தூண்டிலைக் கீழே போட்டார். "முடிஞ்சுபோச்சு" என்று படியில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார்.

மீன் இல்லை என்றால் தலாவ் இல்லை. தலாவ் இல்லை என்றால் அப்பா மறுபடி அந்தச் சுவருக்கே போய்விடுவார்.

படிக்கட்டில் நல்ல கூட்டம். மளிகைக்கடை வானமாமலை அண்ணாச்சி ஒரு மூட்டைப் பொரியைப் பிரித்து எல்லோருக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தார்.

"போடுங்க, நல்லா போடுங்க! பாவம், எப்படிப் பசியில கெடக்குன்னு பாருங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "நேத்து எங்கய்யாவ நெனச்சு சோறு போட்டேன். இன்னைக்கு வாயத் தொறந்து கேக்காவ பாருங்க!"

பொரி மழையாக விழுந்தது. ஜெபா குனிந்து பார்த்தாள். பொரி மீனின் உதட்டில் இடித்தது. மீன் அதைத் தின்னவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

இது அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. மழைக்காலத்தில் ராத்திரி இழுப்பு வந்தால் அவளும் இப்படித்தான் வாயைத் திறப்பாள். அந்த நேரத்தில் யாராவது முறுக்கை நீட்டினால் எவ்வளவு கோபம் வரும்!

"அண்ணாச்சி, போடாதீங்க! அதுக்குப் பசி இல்ல" என்றாள்.

"உனக்கு என்னட்டி தெரியும்? தள்ளி நில்லு. கடைசி நாள்ல எங்கய்யாவும் இப்படித்தான் கெடந்தாவ. வாயத் தொறந்து தொறந்து..."

ஜெபா அவர் கையைப் பிடித்தாள். "அப்ப அவிய பசின்னா கேட்டாவ, அண்ணாச்சி?"

அண்ணாச்சியின் கை பொரியோடு நின்றது.

"இல்லம்மா" என்றார். "மூச்சு கேட்டாவ."

"இதுகளுக்கும் அதேதான் அண்ணாச்சி. தண்ணி அழுகிப்போச்சு. மூச்சு முட்டுது."

அண்ணாச்சி மூட்டையை அப்படியே கட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, மாலைகளை இழுத்து இழுத்துக் கரையில் போட்டார். அழுதுகொண்டேதான் போட்டார்.

ஜெபா தலாவை ஒட்டியிருந்த பூங்காவின் தோட்டக்காரர் சைஃபிடம் ஓடினாள். டாக்டர் வீட்டு மீன்தொட்டியில் குமிழி விடும் குழாயை அவள் பார்த்திருக்கிறாள். "சைஃப் பாய், பைப் லாவோ! தண்ணியத் தூக்கி அடிங்க, காத்து உள்ள போகட்டும்!"

அவர் பைப்பை இழுத்து வந்து தண்ணீரை மேல்நோக்கிப் பீய்ச்சினார். கூட்டத்தில் பாதிப் பேர் இன்னமும் பொரி போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "நிறுத்துங்க!" என்று ஜெபா கத்தினாள். யாரும் காதில் வாங்கவில்லை. மறுபடி கத்தினாள். இருமல்தான் வந்தது.

அப்போது அவளுக்குப் பின்னால் ஓர் இடி முழங்கியது.

"பந்த் கரோ! எம்பிள்ள சொல்லுதால்லா? நிறுத்துங்க!"

தலாவே திரும்பிப் பார்த்தது. ஜெபாவும் திரும்பிப் பார்த்தாள். அப்பா எழுந்து நின்றார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! அவர் கைவலையை எடுத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். நல்ல கை, கெட்ட கை என்று பார்க்காமல் இரண்டாலும் சோற்றையும் பொரியையும் அரித்து அரித்து வெளியே எறிந்தார்.

சாயங்காலம் வரை வேலை நடந்தது. செத்த மீன்களைக் கூடை கூடையாக அள்ளிப் புதைத்தார்கள். பாதிக்குமேல் போய்விட்டன. பெரிய ரோகு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பைப் தண்ணீர் விழுந்த மூலையில் மட்டும் கொஞ்சம் ஜிலேபிக் கெண்டைகள் கீழே போய் நீந்தின.

"இனி ரொம்ப நாளைக்கு இங்க யாரும் தூண்டில் போடக் கூடாது" என்றார் சைஃப். வீட்டுக்கு வந்ததும் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஜெபா பயந்துகொண்டே தூங்கினாள்.

காலையில் கண் விழித்ததும் அப்பாவின் பாயைத்தான் பார்த்தாள். பாய் சுருட்டி வைத்திருந்தது. வாசலில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"எங்கப்பா போறீய? மீன்தான் பிடிக்கக் கூடாதே?"

"பிடிக்க யார் போனா? இன்னும் எவ்வளவு குப்ப உள்ள கெடக்கு! சைஃப் ஒத்தையில என்ன செய்வான்?" என்றார் அப்பா. "எந்திரிட்டி, நேரமாவுது. தூங்குமூஞ்சி!"