முதல் போதும்

குச்சி மனிதனுக்குக் கை முளைத்திருந்தது.

அவன் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். திரையைச் சட்டையில் துடைத்துவிட்டும் பார்த்தான். அழுக்கு இல்லை, கைதான். அந்த விளையாட்டில் மொத்தமே மூன்று சமாச்சாரம்: வெள்ளைத் திரை, குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, கோட்டின் மேல் ஓயாமல் ஓடும் ஒரு குச்சி மனிதன். தலைக்கு ஒரு புள்ளி, உடம்புக்கு ஒரு கோடு, காலுக்கு இரண்டு. ஓடுகிறவனுக்குக் கை எதற்கு என்று செய்தவன் நினைத்திருக்க வேண்டும். இரண்டு வருஷமாகக் கையில்லாமல் ஓடியவன் இன்றைக்கு இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினான். ஒய்யாரமாக அல்ல. எதையோ நழுவவிடாமல் பிடித்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணி. ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. வாசலில் 'இதய ஓட்டத்திறன் உயர்நிலை ஆய்வு மையம்' என்று பித்தளைப் பலகை. உள்ளே ஒரு டிரெட்மில், ஒரு ஈசிஜி திரை, ஒரு நாற்காலி. பலகை செய்த செலவில் இன்னொரு நாற்காலி வாங்கியிருக்கலாம். பதினோரு வருஷமாக அந்த ஒற்றை நாற்காலி அவனுடையது. ஒரு கல்யாண வீட்டில் "நான் இதயத் துறையில இருக்கேன்" என்று சொல்லப்போக, சகலையின் அப்பா அங்கேயே சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். நோயாளிகளின் மார்பில் ஒயர் ஒட்டுவது, பொத்தானை அமுக்குவது, அவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. அவ்வளவுதான் அவன் துறை.

"அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று மனைவி ஒருமுறை விளையாட்டை எட்டிப் பார்த்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. அதுதான் அதில் இருந்தது. கதை கிடையாது, பாட்டு கிடையாது, முடிவு கிடையாது. மேடு வந்தால் கட்டைவிரலால் ஒரு தட்டு, தாண்டுவான். தட்ட மறந்தால் விழுவான், மறுபடி முதலிலிருந்து. மற்றவர்களின் மூச்சிரைப்பு, வியர்வை வாடை, மார்பில் தடவும் பசையின் குளிர்ச்சி, 'எனக்கு ஒண்ணும் இல்லையே தம்பி' என்ற கேள்வி, எல்லாம் அந்த வெள்ளைக்குள் போய் மறைந்துவிடும். விரல் மட்டும் இருக்கும். விரலுக்கு மனசாட்சி கிடையாது என்பது எவ்வளவு பெரிய ஓய்வு.

திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் அதைத் திறக்கவில்லை. அழித்துவிடத்தான் இன்று எடுத்தான். அழிப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை என்று தொட்டான்.

திங்கட்கிழமை வந்தவர் ஒரு தையல்காரர். கழுத்தில் இன்ச் டேப்போடு வந்தார், கழற்றச் சொன்னதும் குழந்தையைக் கொடுப்பதுபோல் அவன் கையில் கொடுத்தார். பெல்ட்டையும் கழற்ற வேண்டியிருந்தது.

"ஊருக்கெல்லாம் இடுப்பளவு எடுத்தவன் தம்பி நான். என் பேண்ட் எனக்கு நிக்கல பாரு."

"பெல்ட்டைக் கழட்டினா எல்லாருக்கும் அப்படித்தான் ஐயா."

"உனக்கு நிக்கும்." ஏற இறங்க ஒரு பார்வை. "முப்பத்தாறு. சாப்பிட்ட பிறகு முப்பத்தேழு."

இருவரும் சிரித்தார்கள். அவர் இடது கையால் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினார். அவன் கைப்பேசியை ஈசிஜி திரைக்குக் கீழே, மடியில் வைத்துக்கொண்டான். எச்சரிக்கை மணியின் சத்தத்தை எப்போதும்போலக் குறைத்து வைத்தான். அது விளையாட்டைக் கெடுக்கும்.

அந்த அறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகம் தானாகக் கூடும். கூடியதும் எல்லோரும் 'போதும்' என்பார்கள். அங்கேயே நிறுத்தினால் ஆய்வு பாதியில் நிற்கும், பெரிய டாக்டர் குதிப்பார். ஆகவே முதல் போதும் கணக்கில் வராது. இரண்டாவதற்கு முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்குச் சிவப்புப் பொத்தான். முதல் போதுமுக்கு அவன் வைத்திருந்த பதில், "நல்லா பண்றீங்க, இன்னும் ஒரு நிமிஷம்." அதைச் சொல்லிச் சொல்லியே நர்ஸுகள் அவனுக்கு ஒருநிமிஷம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தையல்காரர் ஆறாவது நிமிஷத்தில் சொன்னார். "போதும், தம்பி."

அவனுக்கு நன்றாகவே காதில் விழுந்தது. குச்சி மனிதன் அப்போது 9,860 அடி ஓடியிருந்தான். அவனுடைய சாதனை 9,914.

"நல்லா பண்றீங்க ஐயா, இன்னும் ஒரு நிமிஷம்."

இரண்டாவது போதுமுக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தான். வரவில்லை. தப், தப் என்று விழுந்துகொண்டிருந்த பாதங்கள் தப்... சரக், தப்... சரக் என்றாயின. 9,900. 9,910. பிறகு ஏதோ கனமாக விழுந்த சத்தம். அவன் 9,915 ஆனதும்தான் தலையை நிமிர்த்தினான்.

நாலு நாளாக அவர் முதல் மாடி ஐசியூவில், சரியாக இந்த அறைக்கு மேலே, கண் திறக்காமல் கிடக்கிறார். மேஜையில் விபத்துப் படிவம் இருந்தது. ஏழாவது கேள்வி: நோயாளி நிறுத்தச் சொன்னாரா? ஆம், இல்லை. அவன் 'இல்லை'யைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான். நேர்த்தியான வட்டம். நிர்வாக அதிகாரி ஐந்து மணிக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். "நடந்தது வேற, பதிவு வேறன்னு நினைக்காதீங்க. பதிவுதான் நடந்தது," என்று சொல்லிவிட்டு, அதை யாராவது குறித்துக்கொள்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

இப்போது கோட்டைக் கவனித்தான். இந்த விளையாட்டில் மேடுகள் சதுரமாக, தாறுமாறாக வரும். இன்று அப்படி வரவில்லை. சின்ன மேடு, கூரான சிகரம், தணிந்த மேடு, கொஞ்சம் வெற்றுக்கோடு. மறுபடியும் சின்ன மேடு, கூரான சிகரம். பதினோரு வருஷமாக ஈசிஜி திரையில் பார்த்துவரும் கோடு. அந்தக் கூரான சிகரத்தின் சரிவில் ஒரு சின்னப் பிசிறு; திங்கட்கிழமை ஒருவருடைய தாளில் மட்டும் பார்த்த பிசிறு.

பிசிறையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சிகரத்தைத் தவறவிட்டான்.

குச்சி மனிதன் விழவில்லை. தடுமாறினான், முழங்கால் மடிந்தது. கூரைக்கு மேலே மணி அலறியது. ஓடும் செருப்புகள். எதையோ உருட்டும் சக்கரம். அவன் வெறிபிடித்தாற்போல் தட்டினான். குச்சி மனிதன் நிமிர்ந்தான், அடுத்ததைத் தாண்டினான். மேலே மணி நின்றது.

விரலை எடுக்க முடியாது என்று அவனுக்குப் புரிந்தது.

கதவு திறந்தது. தையல்காரரின் மகள். நாலு நாள் தூக்கம் கண்ணில் இருந்தது.

"அண்ணா, அப்பாவோட இன்ச் டேப் இங்க இருக்குன்னாங்க. கையில வச்சா கொஞ்சம் தெரியுமோன்னு..."

"ஆணியில மாட்டியிருக்கும்மா. எடுத்துக்க." அவன் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை.

அவள் எடுத்துக்கொண்டாள். போகவில்லை. அவன் மடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விளையாடறீங்களா?"

"இல்லம்மா. இது... சும்மா."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அப்பா போதும்னு சொன்னாரா?"

தட்டு. தட்டு. 'ஆம்' என்பது ஒரு சின்னச் சொல். வாயில் வந்தது. அதற்குப் பின்னாலேயே வேலையும் வீட்டு வாடகையும் மனைவியின் முகமும் வந்தன.

"சொல்லலம்மா."

திரையில் குச்சி மனிதன் ஓடியபடியே தலைப்புள்ளியை அவன் பக்கம் திருப்பினான். புள்ளிக்கு முகம் கிடையாது. ஆனாலும் திரும்பினான்.

"அதான் எனக்குப் புரியல," என்றாள் அவள், டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே. "முடியலன்னா சொல்லிடுவாரு. ஆனா ஒரு தடவைதான். எதையும் ரெண்டாவது தடவை சொல்ல மாட்டாரு. நூலை வெட்டினா வெட்டினதுதான்னுவாரு."

கதவு மூடிக்கொண்டது.

படிவத்துக்குப் பக்கத்தில் பேனா கிடந்தது. இடது கை சும்மாதான் இருந்தது. வட்டத்தை அடித்துவிட்டு, 'ஆம்' என்பதைச் சுற்றி இன்னொன்று போட்டால் போதும். கை பேனாவைத் தொட்டது. எடுத்தது. திரையில் 9,890. சிகரங்கள் நெருங்கி நெருங்கி வந்தன. இதைத் தாண்டிவிடட்டும், பிறகு எழுதலாம். இன்னும் ஒரு நிமிஷம்.

மனதுக்குள் தானே சொன்னதை அவனே கேட்டான். பேனா கையிலேயே நின்றது.

அடிக்கடி துடைத்தும் போகாத ரப்பர் வாடை திடீரென்று அறையில் ஏறியது. சூடான ரப்பர். ஓடிக்கொண்டிருக்கும் ரப்பர். டிரெட்மில்லின் ஒயரைத் திங்கட்கிழமையே பிடுங்கிச் சுற்றி, மேலே சீல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கைப்பேசியில் சத்தத்தை நிறுத்தியிருந்தான். அப்படியும் கேட்டது.

தப். தப்.

சீல் ஒட்டிய காகிதம் கிழிந்தது.

9,905.

தப்... சரக்.

திரும்பக்கூடாது. திரும்பினால் ஒரு சிகரம் தவறும். தவறினால் மேலே மணி. தட்டு. தட்டு. இழுத்துப் பிடித்த துணி காலோடு உரசும் சத்தம். மூச்சு. பிடரியில் படும் மூச்சு.

திரையில், எண் இருந்த இடத்தில், எண் இல்லை. எழுத்து இருந்தது. மூன்றே எழுத்து.

அதே சமயம் காதுக்குப் பின்னால், மிகவும் தணிவாக, களைத்துப்போன குரல் ஒன்று.

"போதும், தம்பி."

அவன் வாய் திறந்தது. அவன் திறக்கவில்லை. பதினோரு வருஷப் பழக்கம் திறந்தது.

"நல்லா பண்றீங்க ஐயா," என்றது கனிவாக. "இன்னும் ஒரு நிமிஷம்."

வெள்ளைத் திரையின் மேல் ஒரு துளி வியர்வை விழுந்தது. அவன் நெற்றி காய்ந்திருந்தது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டே குச்சி மனிதன் அந்தத் துளியைத் தாண்டினான்.