பூரித்து நின்ற தூண்

மழைக்கு ஒதுங்கியவன் கடைக்காரியைப் பார்த்துச் சிரித்தால் மரியாதை. கடைச் சரக்கைப் பார்த்துச் சிரித்தால்...?

அவன் அதைத்தான் செய்தான். வீட்டு முகப்புகளுக்குத் தூண் வார்த்து விற்கும் கொட்டகைக்குள் சொட்டச் சொட்ட ஓடி வந்தவன், வாசலில் பவுசாக நின்ற வெள்ளைத் தூணை அண்ணாந்து பார்த்தான். உதட்டோரம் ஒரு சிரிப்பு. சட்டைப் பையிலிருந்து மடக்கு அளவுகோல் எட்டிப் பார்த்தது. 'அளவுகோல்' என்று மனசுக்குள் பேர் வைத்துவிட்டாள் கடைக்காரரின் மகள். பேர் வைத்தால் பாதி பேரம் படிந்த மாதிரி என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

"என்ன சார் சிரிப்பு?"

"உடம்பு டோரிக், தலை கொரிந்தியன். மல்யுத்தக்காரன் தலையில பூங்கொத்து வச்ச மாதிரி இருக்கு."

"கேட்டவங்களுக்கு வச்சுக் கொடுத்தோம். உங்க தலையில வைக்கலையே?"

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட நூலகம் ஒன்றுக்கு வரைபடம் போடுகிறவனாம். முகப்புத் தாழ்வாரத்துக்கு நல்ல தூண் தேடி அலைகிறானாம். தலையைத் துவட்டியபடியே ஒவ்வொரு தூணாகக் காட்டிப் பேச ஆரம்பித்தான். மூன்றும் பழைய கிரேக்கத் தூண் வகைகளாம். அந்தக் கடையில் டோரிக்குக்குப் பேர் மொட்டை, அயோனிக்குக்கு ஆட்டுக்கொம்பு, கொரிந்தியனுக்கு இலைக்கட்டு. அவன் வாயில் அவையெல்லாம் ஆட்களாக மாறின. பீடம் கேட்காமல் வெறுங்காலோடு தரையில் ஊன்றி நிற்கிறவன் டோரிக். தலையில் இரண்டு பக்கமும் முடியைச் சுருட்டிக்கொண்ட ஒல்லிக்காரி அயோனிக். இலைமேல் இலையாக அடுக்கியும் அலங்காரம் போதாதவள் கொரிந்தியன்...

அவள் தூண்களைப் பார்க்கவில்லை. அவன் கண்களைப் பார்த்தாள். பேரம் பேசவே தெரியாத கண்கள்... பிடித்ததைப் பிடித்தபடியே காட்டிக்கொடுக்கும் கண்கள். வெளியே மழை, இவர்களுக்காகவே திரை போட்டது போல, தெருவை மறைத்துப் பெய்தது.

திடீரென்று அவன் பேச்சு நின்றது.

மூலையில், சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போட்ட ஒற்றைத் தூண். நடுவில் மட்டும், மூச்சை இழுத்துப் பிடித்தது போல, இம்மி பூரித்திருந்தது. பழங்காலக் கோயில் ஒன்றின் புகைப்படத்தை நாள் கணக்கில் முறைத்துப் பார்த்துவிட்டு, அவளே பலகையை வளைத்துச் சீவி, அச்சு கட்டி, வார்த்தது. அவள் கையால் பிறந்த ஒரே தூண். "வயிறு உப்பின சரக்கை எவன் தலையில கட்டுறது" என்று அப்பா குறி போட்டுவிட்டார். விடிந்தால் சம்மட்டி.

அவன் அதை உள்ளங்கையால் தடவினான்.

"நேரா வார்த்த தூண் தூரத்துல இருந்து நடுவுல இளைச்சுத் தெரியும். கண்ணு சொல்ற பொய் அது. அதைச் சரிக்கட்டத்தான் இந்த வீக்கம். என்டாஸிஸ்னு பேரு... இதை யாரு செஞ்சாங்க?"

நான்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த முதல் சிரிப்பு, செருப்புக்குள் சிக்கிய கல்லாக இன்னும் உறுத்திக்கொண்டிருந்ததே...

"யாரும் செய்யல. அச்சு விலகிடுச்சு. நாளைக்கு உடைக்கப்போறோம்."

அவன் முகம் வாடிவிட்டது. தற்செயலாகப் பிறந்ததை வரிசையாக வார்க்க முடியாதே என்றான். செய்த கை ஒன்று இருந்திருந்தால் தாழ்வாரம் முழுவதையும் அதனிடமே ஒப்படைத்திருப்பேன் என்றான். மழை விட்டது. போய்விட்டான்.

கல்லாவில் தூங்குவதுபோல் பாவனை பண்ணிக்கொண்டிருந்த அப்பா ஒற்றைக் கண்ணைத் திறந்தார். ஆசையை முதலில் காட்டுகிறவன் பேரத்தில் தோற்றான் என்பது அவர் வாழ்நாள் வேதம். மகள் தெருவையே பார்த்து நின்றதையும் அவர் அந்தக் கண்ணாலேயே எடை போட்டார். எழுந்தார். ஈரத்துணியை எடுத்து, தூணிலிருந்த பெருக்கல் குறியை மெதுவாகத் துடைத்தார்.

அவள், அச்சுக்காகச் சீவிய அந்த வளைந்த பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள்.

"ஏய்... விலையை மட்டும் நீ முதல்ல சொல்லிடாத!" என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல்.

பஸ் நிறுத்தத்தில் அவன் தனியாக நின்றான். அவள் மூச்சிரைக்கப் பலகையை நீட்டினாள்.

"அச்சு விலகல. நான்தான் வளைச்சேன். நீங்க சிரிச்சீங்களேன்னு ரோஷத்துல மறைச்சேன்."

அவன் பலகையின் விளிம்பில் விரலோட்டினான். பிறகு, தன் பஸ் அப்போதே வந்து போய்விட்டது, ஏறத் தோன்றவில்லை என்றான்.

"ஏன் தோணல?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கண்கள் சொல்லிவிட்டன. ஆனால் வியாபாரி வீட்டுப் பெண் கண்ணை நம்பிச் சரக்கை இறக்குவாளா? இறக்கினாள்...

"ஆசையை முதல்ல சொல்றவங்க தோத்தாங்கன்னு அப்பா சொல்வாரு" என்றாள், பலகையின் மறுமுனையை விடாமல். "நான் சொல்லிட்டுத் தோத்துக்கிறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் சிரித்தான். அதே சிரிப்பு. இப்போது உறுத்தவில்லை.

"நீங்க எங்கே முதல்ல சொன்னீங்க... நான் பஸ்ஸை விட்டப்பவே சொல்லிட்டேனே."